காடும் குடியிருப்பும்

ஓர் ஊரின் பழைமையை அறிய விரும்புவார்க்கு அவ்வூரிலும் அயலிலும் வழங்கும் இடப்பெயர்கள் முதற்சான்றாக உதவும். கிண்ணியாப் பகுதியில் ஆலங்கேணி, குறிஞ்சாக்கேணி, பூவரசந்தீவு, ஈச்சந்தீவு, கண்டல்காடு, காக்காமுனை, குரங்குபாஞ்சான் என வழங்கும் பெயர்கள் மரத்தையும் கொடியையும் பறவையையும் விலங்கையும் நினைவூட்டி நிற்கின்றன. இப்பெயர்களை இட்ட முன்னோர் காட்டை அயலாகக் கொண்டு, அதன் இயல்பறிந்து வாழ்ந்தோர் என்பது வெளிப்படை. இன்றோ இவற்றுட் பல காட்டை இழந்து பெயரளவில் நிற்கின்றன. எஞ்சியுள்ள காட்டின் ஓரத்திலே புதிய வீடுகள் எழலாமா, எழலாகாதா என்ற வினா பிறக்கும்போது மக்கள் கருத்து இருவேறாகப் பிரிகின்றது. ஒரு சாரார் மற்றச் சாராரைக் காட்டின் பகைவர் என்பர்; அவர் இவரை மனிதரின் பகைவர் என்பர். இக்கருத்து வேறுபாடு எவ்வாறு தோன்றியது, அதன் அடியில் உள்ள உண்மை யாது என்பவற்றை ஒருவாறு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய எண்ணம்

காட்டைப் பற்றிய இருவகை எண்ணமும் தமிழருக்குப் புதியன அல்ல. கரிகாற் பெருவளத்தான் காட்டை அழித்து நாடாக்கியதையும் குளந்தொட்டு வளம் பெருக்கியதையும் அவன் பெருமைகளாகப் பட்டினப்பாலை போற்றுகின்றது. அதே மரபில் வந்த வள்ளுவரோ, ஒரு நாட்டின் அரணுக்குரிய உறுப்புக்களை எண்ணுமிடத்து, நீரோடும் நிலத்தோடும் மலையோடும் நிழலார்ந்த காட்டையும் சேர்த்து எண்ணினார். காடு அழிவதால் நாடு பிறக்கும் என்பது ஒன்று. காடு இல்லையேல் நாட்டுக்குக் காவல் இல்லை என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. திருகோணமலைப் பகுதியின் பழங்கதைகளும் முதலாவது எண்ணத்தையே பெரிதும் சார்ந்தன. குளக்கோட்டன் கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்து, கோணேசர் கோயிற்றொண்டின் பொருட்டுக் குடிகளை வருவித்து இருத்தினான் எனக் கோணேசர் கல்வெட்டுக் கூறும். குளமும் வயலும் குடியும் ஒருங்கே தோன்றிய அக்கதையில் வெட்டுண்ட காட்டுக்காக இரங்குவார் எவருமில்லை. அக்காலத்தில் காடு எல்லையற்றதாயும் மனிதர் சிலராயும் இருந்தமையே அதற்குக் காரணமாகும்.

இருபதாம் நூற்றாண்டிலும் அரசாங்கத்தின் கொள்கை அவ்வழியே சென்றது. 1935 ஆம் ஆண்டிற் பிறந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிலமற்ற கமக்காரருக்கு முடிக்குரிய காணியைப் பகிர்ந்தளிக்க வழிசெய்தது. மின்னேரியா முதலிய பழங்குளங்கள் திருத்தப்பெற்றன. 1949 ஆம் ஆண்டிற் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. திருகோணமலை மாவட்டத்திற் கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றங்கள் எழுந்தன. 1977 ஆம் ஆண்டின் பின் துரித மகாவலித் திட்டம் பெருங்காடுகளை வயலாகவும் ஊராகவும் மாற்றிற்று. 1956 ஆம் ஆண்டளவில் இலங்கையின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்காக இருந்த காடு, 2010 ஆம் ஆண்டளவில் நூற்றுக்கு 30 பங்கிலும் சற்றுக் குறைந்துவிட்டது. இத்திட்டங்களுட் பலவற்றில் யார் குடியேற்றப்படுவர் என்ற வினா கசப்பான அரசியல் வினாவாயிற்று. ஆயினும் காடு வெட்டப்படுதல் தகுமா என்ற வினாவை அக்காலத்தில் எழுப்பினோர் மிகச் சிலரே. வெட்டப்பட்டது 'வெறுங்காடு' என்பதே பொதுமக்கள் எண்ணமாயிருந்தது.

காட்டுயிரைப் பேணும் எண்ணமும் அதே காலத்தில் வேறொரு வழியாக வளர்ந்தது. 1937 ஆம் ஆண்டில் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1938 ஆம் ஆண்டில் வில்பத்தும் யாலையும் தேசிய வனங்களாயின. மகாவலித் திட்டத்தால் இடம்பெயரும் விலங்குகளுக்கு ஈடாக மாதுறு ஓயா, வஸ்கமுவ, சோமாவதி முதலிய தேசிய வனங்கள் 1983 முதல் 1986 வரையில் அமைக்கப்பட்டன. இவற்றுட் சோமாவதி வனம் பொலன்னறுவை, திருகோணமலை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரந்து, மகாவலியின் கீழ்க்கரைகளைத் தழுவிக் கிடக்கின்றது. இவ்வாறு நாட்டின் படத்தில் ஒரு கோடு வரையப்பட்டது. கோட்டின் உள்ளே விலங்கு, வெளியே மனிதன். படித்தோரும் ஆள்வோரும் இக்கோட்டை நம்பினர். அக்கோட்டை யானை அறியவில்லை.

யானையின் இயல்பு

யானை அடர்ந்த முதுகாட்டின் விலங்கு என்பது பலரும் கொண்டுள்ள கருத்து. அது முழுதும் பொருந்தாது. முதுகாட்டில் ஓங்கிய மரங்களின் நிழலிற் புல்லும் இளந்தழையும் குறைவு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் தீனி வேண்டும் யானைக்கு அஃது ஏற்ற இடமன்று. வெட்டி விடப்பட்டு மீண்டும் தளிர்க்கும் பற்றைக்காடும், குளங்களின் நீர் வற்றியபின் தோன்றும் புற்றரையுமே அது பெரிதும் விரும்புவன. வறண்ட வலயத்துக் குடியானவர் பழங்காலந்தொட்டுச் செய்துவந்த சேனைப் பயிர் இவ்விடங்களைத் தோற்றுவித்தது. மழைக்கு முன் காட்டில் ஒரு துண்டை வெட்டி எரித்து, குரக்கனோ சோளமோ விதைத்து, அறுவடை முடிந்தபின் அதனைக் கைவிட்டு வேறிடம் செல்வர். மனிதன் விட்டுச்சென்ற அத்துண்டில் யானை மேயும். மாரியில் மனிதன் காவற்பரணில் விழித்திருப்பான். கோடையில் யானை வந்து தளிரை உண்ணும். ஒரே நிலத்தை இருவரும் முறைவைத்து ஆண்டனர் எனலாம்.

சேனை நிலையான தோட்டமாகவும், தோட்டம் வளவாகவும், வளவு வீடாகவும் மாறியபோது இம்முறை குலைந்தது. வீடு ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் நிற்பது. வீட்டோடு தென்னையும் வாழையும் வரும், கிணறு வரும், நெல் மூட்டை வரும், பாதையும் குப்பையும் வரும். அம்பாறைப் பள்ளக்காட்டில் ஊர்க்குப்பை கொட்டப்படும் திறந்த இடத்தில் யானைகள் பொலித்தீனோடு கழிவுணவையும் தின்று மாண்டமை 2022 ஆம் ஆண்டில் உலகச் செய்தியாயிற்று. ஆதலின் காட்டோரத்தில் ஒரு வீடு எழுகின்றது என்னும்போது, நான்கு சுவரும் கூரையும் அடங்கிய இடம் மாத்திரம் காட்டிலிருந்து குறைகின்றது என்று கணக்கிடுதல் தவறாகும். வீட்டைச் சுற்றி நெடுந்தூரம் விலங்கின் நடமாட்டமும் மனிதனின் உறக்கமும் ஒருங்கே மாறுபடுகின்றன.

இலங்கையில் 2011 ஆம் ஆண்டு நடந்த கணக்கெடுப்பில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. 2021 ஆம் ஆண்டில் வெளிவந்த நாடளாவிய ஆய்வொன்று, தீவின் நூற்றுக்கு 60 பங்கு நிலத்தில் யானை நடமாடுகின்றது எனவும், அந்நிலத்துள்ளும் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கில் மனிதரும் குடியிருக்கின்றனர் எனவும் காட்டிற்று. அஃதாவது, யானையின் பெரும்பகுதி வாழ்வு தேசிய வனங்களுக்கு வெளியே, மனிதரின் அயலிலேயே நடைபெறுகின்றது. 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் 450-க்கு மேற்பட்ட யானைகளும் 150-க்கு மேற்பட்ட மனிதர்களும் மாண்டமை இவ்வயல்வாழ்வு எவ்வளவு கசந்துவிட்டது என்பதைக் காட்டும். துப்பாக்கி, அனுமதியின்றி வீட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பி, தீனிக்குள் மறைத்த வெடி ஆகியன யானையின் உயிரைக் குடிக்கின்றன. மனிதரோ விடியற்காலையில் வயலுக்குச் செல்லும் வழியிலும், இரவில் வீட்டு முற்றத்திலும் மாள்கின்றனர்.

கிண்ணியாவின் நெருக்கடி

இப்பொது நிலைமையை மனத்திற்கொண்டு கிண்ணியாவை நோக்குதல் வேண்டும். வடக்கே கொட்டியாரக் குடாவும் துறைமுகமும், மேற்கே தம்பலகாமக் குடாவும், தெற்கே மகாவலியின் வண்டல் வயல்களும் சூழ, இடையில் நெருங்கிய குடிகளையுடையது இவ்வூர். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இப்பிரதேச செயலகப் பிரிவில் 60,000-க்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். மீன்பிடியும் நெற்செய்கையும் மாட்டுப்பட்டியும் இவர்தம் பழைய தொழில்கள். 2004 டிசெம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை கடலோர வீடுகளையும் மருத்துவமனையையும் அழித்தது. அதன்பின் வடக்கு, கிழக்கு மாகாணங்களிற் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசாங்கம் விதித்து, பின்னர் அதனைத் தளர்த்திற்று. கடலோரத்தை விட்டு உள்நாடு செல்க என்ற அக்கட்டளையைக் கேட்ட குடும்பத்துக்கு உள்நாட்டிலே காத்திருந்தது வயலும் காடுமே. வயலை நிரப்பி வீடு கட்டுவதும் விலக்கு. காட்டை வெட்டுவதும் விலக்கு.

போரும் அவ்வாறே மக்களை அலைத்தது. 1990 ஆம் ஆண்டிலும் 2006 ஆம் ஆண்டிலும் திருகோணமலை மாவட்டத்துத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தத்தம் ஊர்களை விட்டு ஓடினர். குரங்குபாஞ்சான் போன்ற காட்டுப்புறக் காணிகளிற் செய்கை பண்ணினோர் பல ஆண்டுகள் அங்குச் செல்ல இயலாதிருந்தனர். வறண்ட வலயத்தில் ஒரு காணியை இருபதாண்டு கைவிட்டால் முதலிற் புல்லும், பின் ஈச்சையும் பற்றையும், ஈற்றில் வீரையும் பாலையும் எழுந்து அதனைக் காடாக்கிவிடும். வானிலிருந்து எடுத்த படத்தில் அது காடாகவே தோன்றும். மீண்டு வந்தோன், "நான் காட்டுக்குள் செல்லவில்லை, காடுதான் என் வளவுக்குள் வந்தது" என்பான். வன அதிகாரியோ, "இன்று நிற்பது காடு, காட்டைக் காப்பது என் கடமை" என்பார். ஒருவர் காலத்தைக் கொண்டு பேசுகின்றார். மற்றவர் இடத்தைக் கொண்டு பேசுகின்றார். இருவரும் பொய்யுரைக்கவில்லை.

முசலியின் வழக்கு

இவ்வினா நாடு முழுவதும் அறியப் பெரிதாய் எழுந்த இடம் மன்னார் மாவட்டத்து முசலிப் பகுதியாகும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000-க்கு மேற்பட்ட முஸ்லிம்களுள் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி முதலிய ஊரவரும் அடங்குவர். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை கழிந்தது. சென்றோர் சிலராகவும் திரும்பியோர் பலராகவும் இருந்தனர். பிள்ளைகள் மணமுடித்துத் தனிக்குடும்பங்களாயிருந்தனர். இதற்கிடையில் 2012 ஒக்டோபரில் அப்பகுதிக் காடுகள் ஒதுக்குக்காடுகளென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. மீளக்குடியேறுவோருக்கென மரங்கள் வெட்டப்பட்டு வீடுகள் எழுந்தபோது, வில்பத்து அழிகின்றது என்ற கூக்குரல் கொழும்பிலும் பிற நகரங்களிலும் எழுந்தது.

அவ்வீடுகள் வில்பத்துத் தேசிய வனத்துக்குள் எழவில்லை. அதன் வடவெல்லைக்கு அப்பால் உள்ள கல்லாற்றுக் காட்டில் எழுந்தன. வனத்தைக் காக்க விரும்பியோருட் பலர் இவ்வேறுபாட்டை அறிந்திலர். ஆயினும் கல்லாற்றுக் காடும் காடே. விலங்குகளுக்கு அது வில்பத்தின் தொடர்ச்சியே. மீளக்குடியேற்றத்தை ஆதரித்தோருட் பலர் இதனை ஏற்க விரும்பவில்லை. 2017 மார்ச்சு மாதத்தில் அக்காடுகள் ஒன்றிணைக்கப்பட்டு மாவில்லுப் பேணற்காடு என அறிவிக்கப்பட்டபோது, தம் பூர்வீகக் காணிகள் பறிபோவதாக முசலி மக்கள் மறிச்சுக்கட்டியில் அறப்போராட்டம் நடத்தினர். சுற்றாடல் நீதிக்கான மையம் தொடுத்த வழக்கில், 2020 நவம்பரில், மேன்முறையீட்டு நீதிமன்றம் காடு வெட்டப்பட்டது சட்டத்துக்கு முரண் எனத் தீர்ப்பளித்து, அழிந்த பரப்புக்கு ஈடான மரநடுகைக்குரிய செலவை அப்போதைய அமைச்சராயிருந்த ரிஷாட் பதியுதீன் ஏற்க வேண்டும் எனப் பணித்தது.

தீர்ப்புச் சட்டத்தின் நிலையைத் தெளிவாக்கிற்று. மக்கள் மனத்தை ஒன்றுபடுத்தவில்லை. தம் ஊரார் காடு வெட்டினால் அது வாழ்வு, பிறர் வெட்டினால் அழிவு எனக் கருதும் மனப்பான்மை இந்நாட்டில் எவ்வினத்தாருக்கும் தனியுரிமையன்று. கல்லோயாவிலும் மகாவலியிலும் பெருங்காடு வீழ்ந்தபோது வாளாவிருந்தோர் கல்லாற்றிற் கலங்கியமை முசலியார்க்கு நீதியாகத் தோன்றவில்லை. அஃது இயல்பே. ஆயின் முன்னர் வெட்டப்பட்டமை பின்னர் வெட்டுதற்கு நியாயமாகாது என்பதும் உண்மையே. காட்டைப் பற்றிய விவாதம் இனத்தைப் பற்றிய விவாதமாக மாறியவுடன் மரத்தின் கணக்கும் மறைகின்றது. முகாமிற் பிறந்து வளர்ந்த பிள்ளையின் கணக்கும் மறைகின்றது. கரடிக்குளி என்ற பெயரிலேயே விலங்கும் ஊரும் சேர்ந்திருந்தன என்பதை இரு சாராரும் மறந்தனர்.

தூரமும் மனப்பான்மையும்

மக்கள் கருத்தை இனவாரியாகப் பிரித்துப் பார்ப்பதிலும், காட்டுக்கும் அவருக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கொண்டு பார்த்தல் தெளிவு தரும். திருகோணமலை நகரிற் பிரட்ரிக் கோட்டையைச் சூழப் புள்ளிமான்கள் திரிகின்றன. கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் பழமும் இலையும் நீட்ட, அவை கையிலிருந்தே உண்கின்றன. அவற்றைக் காத்தல் வேண்டும் என்பதில் நகரத்தாரிடை வேற்றுமையில்லை. மான் எவர் வாழையையும் வேரோடு சாய்ப்பதில்லை, எவர் உயிரையும் கொள்வதில்லை. அந்நகரத்தாருள் ஒருவர் காட்டோரக் கிராமம் ஒன்றிற் பத்து நாள் தங்கி, இரவெல்லாம் யானைவெடியின் ஓசை கேட்பாராயின், அவருடைய பேச்சின் தொனி மாறிவிடும்.

பட்டிக்காரரின் நிலை வேறு. பெரும்போகத்தில் வயல்கள் எல்லாம் விதைக்கப்பட்டபின் மாடுகளைக் காட்டுப்புறத்துக்கு ஓட்டிச் செல்வதே கிழக்கு மாகாண வழக்கம். ஆதலின் காடு வீடாவதை அவர் விரும்பார். அக்காட்டுக்கு எல்லைக்கல் நாட்டிக் காவலாளி நிற்பதையும் அவர் விரும்பார். தேனெடுப்போரும் விறகு பொறுக்குவோரும் அவ்வாறே. வீடில்லாத இளங்குடும்பத்துக்கோ காடு என்பது இன்னும் பங்கிடப்படாத காணி. இவர்கள் எல்லோரும் ஒரே ஊரார். சில வேளைகளில் ஒரே குடும்பத்தினர். தந்தைக்கு மேய்ச்சற்றரையாகத் தோன்றும் இடம் மகனுக்கு வீட்டு வளவாகத் தோன்றுகின்றது. பொதுமக்கள் கருத்து என ஒன்றைக் கூறி, அதனை ஆதரவு, எதிர்ப்பு என இரண்டு கூறாக்குதல் எவ்வளவு மேலோட்டமானது என்பது இதனால் விளங்கும்.

தமிழ்நாட்டில் நீலகிரி மலையடியில் உள்ள சீகூர்ப் பீடபூமியின் வழக்கு இங்கு ஒப்புநோக்கத் தக்கது. முதுமலைக் காட்டை அடுத்துள்ள அவ்விடத்தை யானை வழித்தடமெனத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2010 ஆம் ஆண்டில் அறிவித்தது. 2020 ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வறிவிப்பை உறுதிப்படுத்திற்று. அங்கு முதன்மையாக எதிர்த்து வழக்காடியோர் உல்லாச விடுதி உடையோரும் காணி உடையோருமாவர். பொழுதுபோக்கின் பொருட்டு யானையின் வழியிற் கட்டிய விடுதியையும், ஏதிலியாய் மீண்டவன் கட்டிய குடிசையையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. தேவை வேறு; ஆதலின் பரிகாரமும் வேறாதல் வேண்டும். ஆனால் வழித்தடத்தில் நின்றால் விடுதியும் குடிசையும் யானைக்கு ஒன்றே. குடிசையின் சுவர் மெல்லியது என்பதே வேற்றுமை.

செய்யத்தக்கன

இந்நிலையில் வேலி ஒன்றே பரிகாரம் எனப் பலர் எண்ணுவர். வேலி வேண்டுவதே, ஆனால் அஃது எங்கு நிற்கவேண்டும் என்பதே பெரிய வினா. நெடுங்காலமாக மின்வேலிகள் பல, வனசீவராசிகள் திணைக்களத்தின் நிலத்துக்கும் வனத் திணைக்களத்தின் நிலத்துக்கும் இடையிலுள்ள எல்லையிலே அமைக்கப்பட்டன. இருபுறமும் காடு, இருபுறமும் யானை. அவ்வேலி ஊரைக் காத்தது எவ்வாறு? யானைகளை வெடிகொளுத்தித் துரத்தித் தேசிய வனத்துள் அடைத்தபோது தீனி போதாமல் அவை மெலிந்து மாண்டதும் உண்டு. துரத்தலுக்குத் தப்பிய தனியன்கள் முன்னிலும் மூர்க்கமாயின. இவற்றை ஆராய்ந்து 2020 ஆம் ஆண்டில் தயாரிக்கப்பட்ட தேசியச் செயற்றிட்டம், விலங்கை அடைக்கும் வேலியை விடுத்து, ஊரைச் சூழ நிலையான வேலியும், வயலைச் சூழ விதைப்பு முதல் அறுவடை வரை நிற்கும் பருவகால வேலியும் அமைத்தலே தகும் எனப் பரிந்துரைத்தது. அறுவடை முடிந்து வயல்வேலி அகற்றப்பட்டால் அரிதாளை மேய யானை வரும். சேனைக்காலத்தின் பழைய முறைவைப்பு புதிய வடிவில் மீளும்.

இத்திட்டம் வீடமைப்புக்கு ஒரு பாடத்தைத் தருகின்றது. ஊரைச் சூழ வேலி இடவேண்டுமாயின் ஊர் ஓரிடத்தில் திரண்டிருத்தல் வேண்டும். காட்டின் நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிய நாற்பது வீடுகளுக்கு வேலியிட எவராலும் இயலாது; நாற்பது வீடும் நெருங்கிநின்றால் ஊராரே சேர்ந்து வேலியிட்டு, முறைவைத்துப் பேணலாம். ஆகவே புதிய குடியிருப்பு வேண்டுவோர்க்கு முதலில் ஊரின் உள்ளிடங்களையும் அதனை ஒட்டிய வெளிகளையும் வழங்குதலே நன்று. போருக்கு முன் உறுதியோ உத்தரவுப் பத்திரமோ பெற்றிருந்தோரின் காணிகளைப் பிரதேச செயலகமும் வனத் திணைக்களமும் கூடி, ஊரார் முன்னிலையில் அளந்து, காட்டின் எல்லை வர்த்தமானியில் வருமுன் தீர்த்தல் வேண்டும். எஞ்சிய காடுகளின் ஆட்சி 2001 ஆம் ஆண்டில் ஒரு சுற்றறிக்கையால் வனத் திணைக்களத்துக்குச் சென்றது. 2020 ஆம் ஆண்டில் மற்றொரு சுற்றறிக்கையால் மாவட்ட, பிரதேச நிருவாகத்துக்கு மீண்டது. இவ்வாறு எல்லை கொழும்பிலே மாறிக்கொண்டிருக்குமாயின், இன்று வெட்டாவிடின் நாளை கிடையாது என்ற அவசரமே குடியானவன் மனத்தில் வளரும். காட்டுக்கு அந்த அவசரத்தினும் பெரிய பகை வேறில்லை.

பழைய காணிக்கு உரியவன் அதனைப் பெறுதல் நீதி. யானையின் வழியில் அக்காணி அமைந்திருப்பின், வேறிடத்தில் நிகரான காணியும் நீரும் பாதையும் பெறுதலும் நீதி. அவ்வாறு மாற்றிடம் தராமல் வெளியேறுக என்றால் அவன் காட்டை வெறுப்பான். காட்டை வெறுப்போர் சூழ்ந்துள்ள காட்டை எத்தனை காவலாளரும் காக்க இயலாது. மறுபுறத்தில், உரியவன் பெயரைச் சொல்லி உரிமையில்லாதோர் ஏக்கர்க்கணக்கில் வெட்டி விற்பதை ஊரார் கண்டும் காணாதிருப்பாராயின், இழப்பு அவர்தம் பிள்ளைகளுக்கே. காடு சுருங்கச் சுருங்க யானை ஊரை நெருங்கும். முதலில் இடிபடுவது காட்டோரத்து ஏழையின் சுவர்.

2009 ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் திருகோணமலையிலிருந்து அப்பகுதிக்குச் செல்லுதல் எளிதாயிற்று. கல்லூரி மாணவர் ஒரு விடுமுறை நாளில் அப்பாலத்தைக் கடந்து, குறிஞ்சாக்கேணியையும் கண்டல்காட்டையும் தாண்டி, கடைசி வீடு நிற்கும் இடம்வரை செல்வாராயின் பயனுண்டு. அவ்வீட்டு முற்றத்திற் காவற்கொட்டிலும், வேலியோரத்தில் யானை முறித்த தென்னையும் காணலாம். வீட்டுக்காரரிடம் காணி உறுதியைப் பற்றிக் கேட்கலாம். இரவைப் பற்றியும் கேட்கலாம். அவர் கூறும் இரண்டு விடைகளையும் கேட்டபின் காட்டைக் காத்தல் வேண்டும் என்போரும், வீடு கட்ட இடம் வேண்டும் என்போரும் ஒருவரோடொருவர் பேசத் தொடங்குவாராயின், எல்லை எங்கே நிற்கவேண்டும் என்பதை அவ்வூராரே காட்டக் கூடும்.